இராவணனுக்கு ஒரு முடி

அப்பம் சுடத் தெரிந்த வீட்டில் கூத்து முடி, அதாவது கிரீடம், செய்வது பெரிய வித்தையல்ல. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: மாவும் தண்ணீருமாக இருப்பதை வளைந்த சட்டியில் மெல்லிசாகப் படரவிட்டு, தண்ணீரைப் போக்கி, வளைவை அப்படியே நிறுத்திவைப்பது. அப்பத்தின் கரை மொறுமொறுப்பதும் நடு மெத்தென்று கிடப்பதும் ஒரே மாவில்தான். கரை மெல்லிசு, ஈரம் போய்விட்டது. நடு தடிப்பு, ஈரம் தங்கிவிட்டது. முடி தலையில் விறைப்பாக நிற்பதும் நொய்ந்து சரிவதும் இந்தக் கணக்குத்தான்.

கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கும் திருகோணமலை மாவட்டம் இது. நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூட மேடைக்கு முடி செய்வதென்றால் அது இராவணனுக்காக இருப்பதே பொருத்தம். 1964இல் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றியபோது சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அது வடமோடி. நின்றபடி வசனம் பேசுகிற நாடகமல்ல, துள்ளலும் சுழற்சியுமாகப் போகும் ஆட்டம். தலையில் பாரம் ஏறினால் கழுத்து தாங்காது. தமிழ்நாட்டுத் தெருக்கூத்துக்காரர் கிரீடத்தைக் கல்யாண முருங்கையில் செதுக்குவது அதன் கனமின்மைக்காகத்தான். நாங்கள் கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடும் முள்முருக்கு அதே மரம். ஆனால் மரம் செதுக்கக் கை பழகவேண்டும். கடதாசிக்குப் பொறுமை போதும்.

முதலில் சட்டி. புருவத்துக்கு மேலே நூல் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். 56 சென்ரிமீற்றர் என்று வைப்போம். உள்ளே சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் ஸ்பொஞ்ச் ஒட்டவேண்டும். அதனால் சுற்றளவு 6 சென்ரிமீற்றர் கூடும். ஆக, 62 சுற்றளவுள்ள, அதாவது 20 சென்ரிமீற்றர் அளவு அகலமான பானையின் அடிப்புறம்தான் அச்சு. தேங்காய் எண்ணெய் தடவி பொலித்தீன் சுற்றினால் பிறகு சிக்கில்லாமல் கழன்று வரும்.

கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். 60 பாகை செல்சியசை அண்மிக்கும்போது மாச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கும். கூழ் சட்டென்று தடிக்கும். காய்ந்தபின் அந்த மாச்சத்து கடதாசி நாரை இறுகப் பிடித்துக்கொள்ளும். புளிக்காமலிருக்க உப்புப் போடச் சொல்வார்கள். கடற்கரையில் அது வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மயில்துத்தமும் வேண்டாம். பூச்சி வராதுதான், ஆனால் அது நஞ்சு. பிள்ளையின் தலையில் ஏறப்போகும் பொருள் இது.

பத்திரிகையைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். ஒரு பக்கமாக நேராகக் கிழியும், மறுபக்கமாகக் கோணும். நேராகக் கிழிகிற திசையில்தான் நார் ஓடுகிறது. கிழித்த துண்டுகளைக் கூழில் தோய்த்து அச்சின்மேல் ஒட்டும்போது, முதல் படையில் நார் நெடுக்காக ஓடினால் அடுத்த படையில் குறுக்காக ஓடட்டும். பிளைவுட் செய்வதும் இப்படித்தான். ஒரு படைக்குத் தமிழ்ப் பத்திரிகை, அடுத்ததற்கு ஆங்கிலப் பத்திரிகை என்று மாற்றிப் போட்டால் எங்கே விடுபட்டது என்று எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: பத்துப் படையையும் ஒரே மூச்சில் ஒட்டிவிடுவார்கள். மேல் காயும், உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு படை போதும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. விரலால் சுண்டினால் 'டொக்'கென்று கேட்கவேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தொடங்குவது புத்தி. மாரியில் தொடங்கினால் அடுப்படியிலேயே காவல் இருக்கவேண்டி வரும்.

கழற்றியபின் கரையைக் கவனியுங்கள்; உடைவது அங்கேதான். தும்புக் கயிற்றைக் கரையைச் சுற்றி வைத்து, பழைய வேட்டித் துண்டைத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையில் தோய்த்து அதன்மேல் மடித்து ஒட்டுங்கள். தகட்டின் தடிப்பு இரண்டு மடங்கானால் வளையாத விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் முடி முழுவதையும் தடிப்பாக்கத் தேவையில்லை. கரையும் நெற்றிப் பட்டியும் தடித்தால் போதும். உச்சிக் கோபுரம் பிரிஸ்டல் போர்டிலேயே இருக்கட்டும். உயரத்தில் ஏறும் கனம் சுழலும்போது தலையை இழுக்கும்.

உள்தாங்கலுக்கு இரும்புக் கம்பி வேண்டாம்; உப்புக் காற்றில் துருப்பிடித்து, மேலே பூசும் பொன் நிறத்தில் கறை கசியும். பிரம்பு நல்லது. உள்ளே வார்னிஷ் இரண்டு பூச்சு, ஏனென்றால் மழையைவிட வியர்வைதான் இதற்கு எதிரி. ஸ்பொஞ்சைத் துண்டு துண்டாக இடைவெளி விட்டு ஒட்டினால் காற்று போய்வரும். நாடிப் பட்டியைக் காதுக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் பிணைத்தால்தான் சுற்றும்போது முடி முன்னுக்குச் சரியாது.

மாரிக்காலத்தில் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளேயே வியர்த்துவிடும். துணிப் பையில் போட்டு, அடுப்படிப் பக்கத்துப் பரணில் வையுங்கள்.