காவல்காரனுக்குள் ஒளியும் கிருமி

நான் டாக்டரல்ல, டிப்ளமா படித்து, ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவன்.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் என் சொந்த ஊர். என் சிறுவயதில் சித்தப்பாவுக்கு டி.பி. எனும் காசநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் மாதமே இருமல் நின்றது, உடம்பும் தேறியது. "இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். மறுவருடம் நோய் திரும்பியது. அவரை இழந்தோம். ஏன் அப்படி ஆயிற்று என்பது ஓய்வுபெற்றபின் படித்தபோதுதான் விளங்கியது.

நம் நுரையீரலில் 'மேக்ரோஃபேஜ்' எனும் காவல் செல்கள் உள்ளன. உள்ளே நுழையும் கிருமியை இவை விழுங்கி ஒரு சிறு பைக்குள் அடைக்கும். 'லைசோசோம்' எனும் அமிலப் பை வந்து அதனோடு இணைந்ததும் கிருமி அழிந்துவிடும். ஆனால் 1882-ல் ராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி, இந்த இணைப்பையே தடுக்கிறது. இரண்டு பெட்டிகளின் கப்ளிங் சேராமல் தடுப்பதுபோல! பிறகு காவல் செல்லுக்குள்ளேயே பெருகி, பையின் சுவரைச் சிதைத்து, கடைசியில் செல்லையே சாகடிக்கிறது. வெளிவரும் கிருமிகளை விழுங்கும் அடுத்த செல்களுக்கும் இதே கதி நேரலாம்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. பல செல்கள் சூழ்ந்து கோட்டைபோல் அடைக்கின்றன. கிருமி அதற்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். சர்க்கரை நோயாலோ சத்துக்குறைவாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தால் விழித்துக்கொள்ளும். மருந்தும், வேகமாகப் பெருகும் கிருமிகளைத்தான் சீக்கிரம் கொல்லும். மந்தமாகக் கிடப்பவை எஞ்சி நிற்கும். சித்தப்பாவின் இருமல் நின்றது, கிருமி தீரவில்லை.

எங்கள் பக்கத்தில், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1912-ல் காசநோய் சானடோரியம் தொடங்கினார்கள். அன்று கிருமியைக் கொல்லும் மருந்தில்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவுதான் முக்கிய சிகிச்சை. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையமோ, வீட்டிலிருந்தே ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு நிகராகக் குணமாகும் என்று காட்டியது.

இன்று சாதாரண டி.பி.க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. இந்திய அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள். "வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாளே" என்று நோயை மறைக்காதீர்கள். உடம்பு தேறினாலும், டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டு இழப்பு உங்கள் வீட்டில் வேண்டாம்.