பாகம் பிரிக்கும் கணக்கு: கணிதம் பயிலாத மாணவர்க்குக் கணிதம் கற்பித்தல்

பழனியில் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இயங்கும் கலைக் கல்லூரி 1960ஆம் ஆண்டிலும், மகளிர் கல்லூரி 1970ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வி பெறும் சிற்றூர்ப் பிள்ளைகளே இத்தகைய கல்லூரிகளுக்குப் பெரிதும் வருகின்றனர். சமயம் கடந்து எல்லாச் சமுதாயத்தாரும் அவர்களுள் உண்டு. நம் பிள்ளைகளும் உண்டு. வணிகவியல், பொருளியல் முதலிய துறைகளைத் தேர்ந்தவர்கள், கணிதத்தை விட்டு விலகிவிட்டோம் என்ற நிம்மதியுடன் உள்ளே நுழைகிறார்கள். ஆனால், ஏதேனும் ஒரு பருவத்தில் வணிகக் கணிதம் என்றோ புள்ளியியல் என்றோ பெயர் மாறி அது மீண்டும் எதிரே வந்து நிற்கிறது. பட்டம் பெற்றபின்னும் அது விடுவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்விலுள்ள 200 வினாக்களில் 25 திறனறி கணக்குகளே.

இம்மாணவர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது, கணிதத் துறை மாணவர்க்குரிய பாடத்தில் நீர் கலந்து தரப்படும் மறுபதிப்பாகும். வரையறை, சூத்திரம், பத்துப் பயிற்சிக் கணக்குகள் என்ற வரிசையில் பாடம் முடிந்துவிடும். அணிகளைப் பெருக்கத் தெரிந்த மாணவர்க்கு, அவற்றை ஏன் பெருக்குகிறோம் என்பது தெரிவதில்லை. வினாவைச் சொல்லாமல் விடையை மனனம் செய்விப்பதே இதன் அடிப்படைக் குறை என்பது நம் கருத்து. நேரியல் கணக்கும் சரி, நிகழ்தகவும் சரி, ‘இதை எவ்வாறு நியாயமாகப் பங்கிடுவது?’ என்று மக்கள் கேட்ட வினாவை ஒட்டி வளர்ந்தவை. அந்த வினாவிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் கணிதத்துக்கு அஞ்சும் மாணவரும் செவிகொடுப்பர்.

கலீஃபா மஅமூனின் ஆட்சிக்காலத்தில் (813-833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ, அல்ஜப்ர் பற்றிய தம் நூலைக் கணித விற்பன்னர்க்கென எழுதவில்லை. வாரிசுரிமை, வஸிய்யத், வழக்கு, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கைத் தருவதே தம் நோக்கமென முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி வஸிய்யத் கணக்குகளாகவே அமைந்துள்ளது. வரலாற்று நூல்களில் அவர் பெயரைப் பெருமிதத்தோடு எடுத்தோதும் நாம், அவர் கணக்கு ஒன்றையேனும் போட்டுப் பார்ப்பதில்லை.

அவ்வழியில் ஒரு கணக்கைக் காண்போம். மூன்று மகன்களையும் ஒரு மகளையும் மட்டுமே வாரிசுகளாக விட்டு ஒருவர் இறக்கிறார். கடன் ஏதுமில்லை, சொத்து 18 லட்சம் ரூபாய். மகளுக்குக் கிடைக்கும் பங்குக்குச் சமமான தொகை ஒரு மத்ரஸாவுக்கும், அத்தொகை போக எஞ்சியதில் எட்டில் ஒரு பங்கு ஓர் ஏழை மாணவிக்கும் சேரவேண்டுமென வஸிய்யத் செய்திருக்கிறார். மகளின் பங்கை அறிந்தால்தான் மத்ரஸாவுக்குரியதை அறியலாம். வஸிய்யத்துகளைக் கழித்தால்தான் மகளின் பங்கை அறியலாம். ஒன்று மற்றொன்றைச் சுற்றி வருகிறது. இந்தச் சிக்கலை மாணவர் தாமாக உணரும்வரை ஆசிரியர் கரும்பலகையைத் தொடலாகாது.

பிறகு, மகளின் பங்கை x லட்சம் என்றும், மாணவிக்குரியதை y லட்சம் என்றும் கொள்வோம். மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு ஆதலால் வாரிசுகளுக்கு 7x, மத்ரஸாவுக்கு x. எனவே 8x + y = 18. மாணவிக்குரிய நிபந்தனையிலிருந்து x + 8y = 18. இரண்டையும் தீர்த்தால் x = 2, y = 2. மத்ரஸாவுக்கு 2 லட்சம், மாணவிக்கு 2 லட்சம், மகளுக்கு 2 லட்சம், மகன் ஒவ்வொருவருக்கும் 4 லட்சம். வஸிய்யத்துகளின் கூட்டுத்தொகையான 4 லட்சம், மூன்றில் ஒரு பங்கு என்னும் ஷரீஅத் வரம்பான 6 லட்சத்துக்குள் அடங்குகிறது. இருமாறி நேரியல் சமன்பாடுகளை இதனினும் இயல்பாக அறிமுகம் செய்வது அரிது. வாரிசுகளும் நிபந்தனைகளும் பெருகும்போது சமன்பாடுகளை ஒழுங்காக அடுக்கிவைக்க ஒரு கட்டம் தேவைப்படும். அணி என்பது அந்தக் கட்டம்தான்.

நிகழ்தகவுக்கு வருவோம். இங்கே நம் மாணவர் சிலருக்கு ஒரு மனத்தடை உண்டு. பாடநூலைத் திறந்தால் பகடை, சீட்டுக்கட்டு, பந்தயம். மைஸிர் எனக் குர்ஆன் (2:219, 5:90) கண்டிக்கும் சூதைப் பாடமாகப் படிப்பதா என்ற தயக்கத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. ஆயினும், பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654ஆம் ஆண்டில் மடல்கள் வழி ஆராய்ந்த வினா, இடையில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதாகும். அதுவும் பாகப்பிரிவினையே. பந்தயப் பணத்தை நீக்கிவிட்டும் அதே வினாவைக் கேட்கலாம்.

மூன்று ஆட்டங்களை முதலில் வெல்லும் கைப்பந்து அணிக்குக் கல்லூரி 6,400 ரூபாய் பரிசு அறிவிக்கிறது. முதலணி இரண்டும் மறு அணி ஒன்றும் வென்ற நிலையில் மழை குறுக்கிடுகிறது. இரண்டும் சம பலமுடையவை எனில் பரிசை எவ்வாறு பிரிப்பது? வென்ற ஆட்டங்களின் விகிதத்தில், அதாவது 2:1 எனப் பிரிக்கலாம் என்பதே மாணவரிடமிருந்து முதலில் வரும் விடை. ஆனால், பார்க்கவேண்டியது இனி நிகழக்கூடியதை. மறு அணி பரிசு பெற, அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்றாக வேண்டும். அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே முதலணிக்கு 4,800, மறு அணிக்கு 1,600. நடந்ததை எண்ணுவதிலிருந்து நடக்கக்கூடியதை எண்ணுவதற்கு மாறும் இந்த ஒரு தாவலில்தான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதற்கு ஒரு வாரம் செலவிட்டாலும் தகும்.

சூதின் கேட்டைச் சூதின் கணக்கே காட்டிக்கொடுக்கும் என்பதையும் சொல்லவேண்டும். 10 ரூபாய்ச் சீட்டுகள் ஒரு லட்சம் விற்று, 5 லட்சம் ரூபாய் பரிசாக வழங்கப்பட்டால், வாங்கிய கணத்திலேயே சீட்டின் சராசரி மதிப்பு 5 ரூபாய்தான். தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. கேரளத்திலோ அரசே அதை நடத்துகிறது.

இனி, பழனியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் உள்ள ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் செல்வோம். ஒரு விவசாயி தம் சரக்கை உள்ளூரிலேயே விற்றால் 20,000 ரூபாய் உறுதி. கேரளத்துக்கு அனுப்பினால் 28,000 கிடைக்க நான்கில் மூன்று வாய்ப்பு. சரக்கு அழுகி 4,000 மட்டும் மிஞ்ச நான்கில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 22,000, அனுப்புவதே மேல் என்கிறது சூத்திரம். வாரக் கடைசியில் 15,000 ரூபாய் கடன் தவணை கட்டவேண்டியவர் அனுப்பலாமா? சராசரி இவ்வினாவுக்கு விடை தராது. பெருவணிகருக்குச் சரியான முடிவு சிறு விவசாயியை வீழ்த்திவிடலாம். இவ்விடத்தில் வகுப்பில் வாக்குவாதம் எழுந்தால் ஆசிரியர் அடக்க வேண்டாம்.

கல்லூரிக் கணிதத்தை இவ்வாறு மாற்றியமைத்த முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. டார்ட்மத் கல்லூரியின் கெமனி, ஸ்னெல், தாம்ப்சன் ஆகிய மூவரும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுறு கணித அறிமுக நூல், நுண்கணிதத்தை வாயிற்படியாக வைக்காமல், தருக்கம், கணங்கள், நிகழ்தகவு, அணிகள் ஆகியவற்றைச் சமூகவியல், உயிரியல் மாணவர்க்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளோடு தந்தது. எளிமைப்படுத்துதல் வேறு, வேறு வாயிலைத் திறத்தல் வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மொழித் துறை மாணவர்க்கும் இத்தகைய வாயில் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மத், அரபியின் 28 எழுத்துகளைக்கொண்டு, எழுத்து மீளாமல், இரண்டு முதல் ஐந்து எழுத்துவரை அமையக்கூடிய சொற்களை எண்ணியதாக மரபு கூறுகிறது. ஈரெழுத்தில் 756, மூவெழுத்தில் 19,656, நான்கெழுத்தில் 4,91,400, ஐந்தெழுத்தில் 1,17,93,600, ஆக 1,23,05,412. அகராதி தொகுக்கப் புகுந்தவருக்கு வரிசைமாற்றம் தேவைப்பட்டது. தமிழிலக்கிய மாணவரிடம் இதையே தமிழில் எண்ணச் சொன்னால், மெய்யில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை என்ற விதி உடனே குறுக்கிடும். இலக்கணம் விதிக்கும் தடையைக் கணக்கில் எவ்வாறு கழிப்பது என்று அவர்களே தேடத் தொடங்குவர்.