திருவிதாங்கூர் 'தனி நாடாக' இருந்த அந்த 1947

திருவனந்தபுரத்தில் வாழும் நம் பிள்ளைகள் பலர், 1947 என்றதும் டில்லிச் செங்கோட்டையையும் நேருவின் உரையையும் நினைவுகூர்கிறார்கள். அதே ஆண்டில் தாங்கள் வாழும் இந்த நகரம் ஒரு சுதந்திர நாட்டின் தலைநகராக இருக்கப் பார்த்ததை நான் சொன்னால், கதை என்றே எண்ணுகிறார்கள். கதை அல்ல, நம்மவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அன்றைய திருவிதாங்கூரில் சுமார் 60 லட்சம் மக்கள் இருந்தனர். சக்கரம், பணம் என்று சொந்த நாணயம், அஞ்சல் எனும் சொந்தத் தபால், சொந்தப் படை. மகாராஜா சித்திரைத் திருநாள். திவானோ 1936 முதல் பதவியிலிருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர், வந்தவாசியில் பிறந்த தமிழர். அதே 1936-இல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம், பின்னர் பள்ளிவாசல் மின் நிலையம் என்று அவர் காலத்துச் சாதனைகள் சிறியவை அல்ல. ஆனால் 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவர் காலத்திலேதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1947 ஜூன் 11 அன்று, ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று திவான் அறிவித்தார். கடலும் துறைமுகமும் இருந்தன. அணுசக்திக்குப் பயன்படும் தோரியம் அடங்கிய கரிமணல் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை: மக்களிடம் கேட்கவில்லை. மாநிலக் காங்கிரஸ் எதிர்த்தது. ஜூலையில் பேட்டையில் நடந்த கூட்டத்தின் மீது போலீசார் சுட்டதில் மாணவன் ராஜேந்திரன் உட்பட மூவர் மாண்டனர்.

ஜூலை 25 இரவு, தைக்காட்டில் உள்ள சுவாதித் திருநாள் சங்கீத அகாதமியில் (இன்றைய இசைக் கல்லூரி) கச்சேரி கேட்டுத் திரும்புகையில் சர் சி.பி. வெட்டப்பட்டார், உயிர் தப்பினார். வெட்டியவர் அம்பலப்புழையைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் இளைஞர். அவரும் ஐயர் குடும்பத்தவரே! இனப்பகை என்று இதைப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சண்டை தமிழருக்கும் மலையாளிக்கும் இடையே நடந்ததல்ல. கேட்காமல் ஆள்வதற்கும் கேட்டு ஆள்வதற்கும் இடையே நடந்தது. வன்முறையை நான் ஆதரிப்பவன் அல்லன், நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தே நாளில், ஜூலை 30 அன்று, இந்தியாவுடன் இணையச் சம்மதம் தெரிவித்து மகாராஜா மவுண்ட்பேட்டனுக்குத் தந்தியடித்தார். ஆகஸ்ட் 19-இல் திவான் பதவி விலகினார். செப்டம்பர் 4-இல் பொறுப்பாட்சி அறிவிக்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையுடன் தேர்தல் நடந்தது. மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை பிரதம மந்திரியானார்.

மக்களைக் கேட்பது என்று வந்த பிறகு, தெற்கே உள்ள தமிழரும் தங்களைக் கேட்கச் சொன்னார்கள். 1947 செப்டம்பரில் நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் சேர்ந்தார். 1954-இல் துப்பாக்கிச்சூட்டில் உயிர்ப்பலி கொடுத்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர்ந்தன. நாஞ்சில் நாட்டுக்காரருக்குத் தலைநகராக இருந்த திருவனந்தபுரம் ஒரே நாளில் அயல் மாநில நகரமாயிற்று. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள், வீடு மாறாமலேயே 'வெளிமாநிலத் தமிழர்' ஆனார்கள்.

எனவே, "எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. நம்மில் சிலர் பிழைப்புக்காக வந்தவர்கள். சிலரிடமோ எல்லைதான் வந்து சேர்ந்தது. இருவருக்கும் இந்த ஊர் சொந்தம்.

அந்த ஆண்டை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், சக்கரமும் அஞ்சலும் இருந்த அந்த நாட்களைப் பற்றிக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம்.