முதல் இடம் யாருக்கு? குளத்தூர் பேசிய அன்றும் இன்றும்

1988 ஜனவரி 25. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய ஒருநாள் ஆட்டம். ஓப்பனிங் இறங்கிய ஸ்ரீகாந்த் 101 ரன் எடுத்தார். பதிலுக்கு கிரீனிட்ஜ் 84, சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104. ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. பாறசாலைக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் எங்கள் குளத்தூரில் அந்தத் தோல்வியைவிட ஸ்ரீகாந்தைப் பற்றித்தான் நாள்கணக்கில் பேசினார்கள். அவர் இறங்கும் இடத்தில் வேறு யாரையும் இறக்கக்கூடாது என்பதில் சாயாக்கடையில் தமிழ் பேசுகிறவருக்கும் மலையாளம் பேசுகிறவருக்கும் ஒரே கருத்துதான்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பேட்டிங் எல்லாம் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பேட்டிங். சென்னைக்காரர், பம்பாய்க்காரர், ஹைதராபாத்காரர் என்று பிரித்து வைத்து வாதாடுவோம். கேரளத்திலிருந்து இந்திய டெஸ்ட் அணிக்கு முதலில் போனவர் டினு யோகன்னான், அதுவும் 2001 டிசம்பரில், பந்து வீச. மட்டையைப் பிடித்துக்கொண்டு இங்கிருந்து ஒருவன் அங்கே போவான் என்று யாரும் நினைக்கவில்லை. திறமை இல்லாமல் இல்லை. 1959-60 ரஞ்சிப் பருவத்தில் பாலன் பண்டிட் ஆந்திரத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 262 எடுத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் கேரளத்தின் பெரிய ஸ்கோர் அதுவாகவே இருந்தது. 2007இல் ஸ்ரீகுமார் நாயர் பாலக்காட்டில் சர்வீசஸ் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 306 எடுத்து அதைத் தாண்டினார். முச்சதம் அடித்த அவருக்கும் இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை. ரன்னைப் பார்க்க ஆள் வேண்டும், பார்த்தவருக்குக் குரல் வேண்டும். இரண்டும் அப்போது நமக்கு இல்லை.

ஊருக்குள் பேட்டிங் ஆர்டர் எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மரச்சீனி பிடுங்கிய விளைதான் மைதானம். தென்னை மட்டையைச் செதுக்கி ஆடிய காலம் அது. யாராவது ஒருவன் வீட்டில் நிஜமான பேட் இருந்தால் அவன்தான் ஓப்பனிங், அவன் தம்பி ஒன் டவுன். அவன் அவுட் ஆகி பேட்டோடு வீட்டுக்குப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. வயதில் பெரியவர்கள் அடுத்தடுத்து இறங்குவார்கள். சின்னப் பையன்களுக்குத் தென்னைக்குப் பின்னால் போய்ப் பந்து எடுக்கிற வேலை. கை கண் ஒத்துழைப்பு அபாரமாக இருந்த பையன்கள் எத்தனையோ பேர் பத்தாம் இடத்திலேயே நின்று, ஒரு நாள் ஒரு பந்து, மறுநாள் அதுவும் இல்லை என்று வளர்ந்து, பிறகு வேலைக்குப் போய்விட்டார்கள்.

கிரிக்கெட் அப்போது எங்கள் கரையில் இரண்டாம்பட்சம். கடற்கரை முழுக்கக் கால்பந்துதான். எங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்த பொழியூர், சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்த ஊர். இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை. ஆனால் விளையாட இருந்த மணல் குறைந்துவிட்டது. கடலரிப்பில் கொல்லங்கோடு, நீரோடிப் பக்கத்தில் ரோடும் வீடுகளும் போயின. கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இலவசமாகக் கிடைத்த மைதானமும் அதோடு போயிற்று.

அந்தக் கால்பந்துக் கரையிலிருந்தே ஒரு மட்டையாளர் வந்தார். பூவாறு தாண்டி வடக்கே போனால் புல்லுவிளை, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாதான். 1994இல் பிறந்த சஞ்சு சாம்சனின் ஊர் அது. அப்பா டெல்லி போலீசில் வேலை பார்த்தவர், டெல்லிக்காக சந்தோஷ் டிராபி ஆடிய கால்பந்துக்காரர். பிள்ளையின் கிரிக்கெட்டுக்காகக் குடும்பம் ஊர் திரும்பியது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் பிஜு ஜார்ஜிடம் பயிற்சி. கரையிலிருந்து நகரத்துக்கு அந்தப் பையன் பயிற்சிக்குப் போய்வந்த பாதை, எங்கள் ஊரில் அதற்கு முன் யாருக்கும் பாதையாகத் தெரிந்ததில்லை.

2015 ஜூலையில் ஹராரேயில் அவர் முதல் டி20 சர்வதேச ஆட்டம் ஆடினார். அடுத்த ஆட்டம் 2020 ஜனவரியில். நடுவில் இந்தியா ஆடிய 73 டி20 ஆட்டங்களில் அவர் இல்லை. திரும்பி வந்த புனே ஆட்டத்தில் முதல் பந்தே சிக்ஸர், இரண்டாவது பந்தில் அவுட். "வாய்ப்பை வீணாக்கினான்" என்று உடனே தீர்ப்பு வந்தது. நாலரை வருடம் வெளியே வைத்துவிட்டு இரண்டு பந்தில் தீர்ப்பெழுதுவதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

அவருக்கு ஒரே இடம் கொடுத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 ஜூலையில் இலங்கையில் அடுத்தடுத்து இரண்டு முறை பூஜ்யம். பழைய காலமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இந்த முறை நீக்கவில்லை, ஓப்பனிங் கொடுத்தார்கள். அக்டோபரில் ஹைதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 47 பந்தில் 111. நவம்பரில் டர்பனில் 50 பந்தில் 107. ஒரு வாரத்தில் ஜோகன்னஸ்பர்கில் ஆட்டமிழக்காமல் 109. அடுத்தடுத்த இரு டி20 சர்வதேச ஆட்டங்களில் சதம் அடித்த முதல் இந்தியர் எங்கள் தாலுகாக்காரர். எங்கள் உச்சக்கடையில் வெடி வெடித்த இரவுகள் அவை.

பிறகு 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துத் தொடர். ஐந்து இன்னிங்ஸில் 51 ரன். வேகத்தில் மேலெழும் பந்துக்குத் திணறினார், அதை மறைப்பதில் பயனில்லை. ஆசியக் கோப்பைக்கு ஷுப்மன் கில் வந்ததும் ஓப்பனிங் அவருக்குப் போனது. சஞ்சு ஐந்தாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். ஓமனுக்கு எதிராக ஒன் டவுன் இறக்கினார்கள், 56 எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஐந்து நாள் கழித்து வங்கதேசத்துக்கு எதிராக ஆறு விக்கெட் விழுந்தும் அவரை இறக்கவே இல்லை. பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 20 ரன்னுக்கு மூன்று விக்கெட் போன நிலையில் ஐந்தாம் ஆளாக வந்து திலக் வர்மாவோடு 57 ரன் சேர்த்தார். ஒரே போட்டித்தொடரில் மூன்றாம் இடம், ஐந்தாம் இடம், இடமே இல்லாத இடம். இப்படி ஓட்டினால் எந்த மட்டையாளனுக்கும் தன் ஆட்டம் எது என்று பிடிபடாது. 2025 டிசம்பரில் உலகக் கோப்பை அணியை அறிவித்தபோது கில்லை விட்டு, சஞ்சுவை மறுபடி ஓப்பனிங்குக்குக் கொண்டுவந்தார்கள். சரியான முடிவு, ஆனால் தாமதமாக.

நான் பேஸ்பாலும் பார்க்கிறவன். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் வழியாகத் தொற்றிய பழக்கம், இப்போது விடிகாலையில் கைப்பேசியில் பார்க்கிறேன். அங்கே ஒன்பது பேர் வரிசையாக அடிக்க வருவார்கள், ஒன்பதாவது ஆள் முடித்தால் மறுபடி முதல் ஆள். ஆகவே எந்த இடத்தில் போட்டாலும் ஒருவனுக்கு ஓர் ஆட்டத்தில் மூன்று, நான்கு முறையாவது வாய்ப்பு உண்டு. ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டம் ஆடுகிறது. நிலையான ஆட்டக்காரர் 600 முறைக்கு மேல் மட்டையோடு நிற்கிறார். பத்தில் மூன்று முறை ஹிட் எடுத்தாலே அங்கே அவர் சிறந்த ஆட்டக்காரர், ஏழு முறை தோற்பது சகஜம். நம் ரஞ்சியில் லீக் சுற்றுக்கு ஓர் அணிக்கு ஏழு ஆட்டம், அதிகம் போனால் பதினான்கு இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் ஏழாம் இடத்துக்காரனுக்கு மட்டை கைக்கே வராமல் முழு ஆட்டமும் போய்விடலாம். அதனால் வரிசையில் எங்கே வைக்கிறோம் என்பது பேஸ்பாலை விட இங்கேதான் ஒரு பையனின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

பேஸ்பாலிலும் அன்று ஒரு வழக்கம், இன்று ஒரு வழக்கம். ஓடக்கூடிய ஒல்லியான ஆள் முதலிடத்தில், பலசாலி நான்காம் இடத்தில் என்பது பழைய வழக்கம். இப்போது சிறந்த அடிகாரனை முதலிலோ இரண்டாவதாகவோ வைக்கிறார்கள், அவருக்கு அதிக முறை வாய்ப்பு வரட்டும் என்று. 2024இல் முதலிடத்தில் ஆடிவந்த மூக்கி பெட்ஸுக்குக் கை எலும்பு முறிந்ததும் டாட்ஜர்ஸ் அணி ஷோஹெய் ஓட்டானியை முதலிடத்தில் இறக்கியது. அந்தப் பருவத்தில் அவர் 54 ஹோம் ரன் அடித்தார், 59 பேஸ் திருடினார். டி20யில் ஓர் அணிக்கு மொத்தமே 120 பந்து. நன்றாக அடிக்கிறவனுக்கு அதில் அதிகப் பந்து கிடைக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேரள அணி இந்தப் பாடத்தைப் படித்த விதத்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முகம்மது அசாருதீனைப் பாருங்கள். 2021 ஜனவரியில் வான்கடேயில் மும்பைக்கு எதிராக ஓப்பனிங் இறங்கி 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 137 அடித்த காசர்கோடு இளைஞர். 2025 பிப்ரவரியில் அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிரான ரஞ்சி அரையிறுதியில் அவரே நடுவரிசையில் நின்று 341 பந்தில் ஆட்டமிழக்காமல் 177 எடுத்தார். கேரளம் 457. குஜராத் 455இல் நிற்கும்போது நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து அருகே நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிற, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபி பிடித்தார். முதல் இன்னிங்ஸில் பெற்ற இரண்டு ரன் முன்னிலையில் கேரளம் முதல்முறையாக ரஞ்சி இறுதிக்குப் போயிற்று. அதற்கு முந்தைய காலிறுதியில் ஜம்மு காஷ்மீரை முந்தியது ஒரே ஒரு ரன்னில். அதிலும் சல்மான் ஆட்டமிழக்காமல் 112, கடைசி விக்கெட்டுக்கு பாசில் தம்பியோடு 81. அதே சல்மான் ஆறு மாதம் கழித்து காரியவட்டத்தில் கேரள கிரிக்கெட் லீகில் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். டெஸ்ட் பொறுமையும் டி20 வெறியும் ஒரே ஆளிடம் இருக்கமுடியும். அவருக்கு அணியில் நிலையான இடம் என்ற நம்பிக்கை இருந்தால் போதும்.

நாக்பூர் இறுதியில் நாம் தோற்கவில்லை, டிராதான். முதல் இன்னிங்ஸில் 37 ரன் குறைந்ததால் கோப்பை விதர்பாவுக்கு. அங்கே ஆட்டத்தைத் திருப்பியவர் தன் முதல் ரஞ்சிப் பருவத்தை ஆடிய 21 வயது டேனிஷ் மாலேவார். 24 ரன்னுக்கு மூன்று விக்கெட் போன நிலையில் நின்று 153 எடுத்தார். அந்த வயதுப் பையனை மேல் வரிசையில் நம்பி வைத்த அணிதான் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று. நம் பக்கத்தில் அரையிறுதியில் அறிமுகமான அகமது இம்ரான் இறுதியில் 37 எடுத்தார். அவரைத் தொடர்ந்து இறக்கவேண்டும் என்று நான் யாரிடமும் வாதாடத் தயார்.

இப்போது குளத்தூருக்குத் திரும்புகிறேன், எனக்கு உண்மையான கவலை இங்கேதான். பேட்டுக்குப் பஞ்சமில்லை. வெளிச்சம் போட்ட டர்ஃப் மைதானங்களில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து இரவு பதினோரு மணிக்கும் ஆடுகிறார்கள். பரிசுத்தொகை வைத்து டென்னிஸ் பந்துப் போட்டிகள் நடக்கின்றன. எல்லாம் நல்லதுதான். ஆனால் பரிசு பெரிதானதும் அணிகள் வெளியிலிருந்து பணம் கொடுத்து ஆள் இறக்குகின்றன. கெஸ்ட் பிளேயர் இரண்டு பேர் ஓப்பனிங், மூன்றாவது ஆளும் வெளியூர். ஊர்ப்பையன் எட்டாம் இடத்தில் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, எட்டு ஓவர் ஆட்டம் முடிந்ததும் பேடைக் கழற்றுகிறான். பேட் வைத்திருந்தவன் ஓப்பனிங் ஆடிய நாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போன சீசனில் ஒரு போட்டியில் எங்கள் அணியை நடத்தும் இளைஞரிடம் இதைக் கேட்டேன். "ஜெயிக்காண்டாமா மாமா? சின்னப் பயல மேல இறக்கி ரெண்டு பந்துல போனாண்ணா ஆளுக என்னையல்லியா ஏசும்" என்றார். "போகட்டும் மக்கா, அடுத்த மேட்ச்சும் அவன அங்கதான் இறக்கணும்" என்றேன். அவர் தலையசைத்தார், இறக்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஏசுகிற ஆட்கள் கைப்பேசியில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து பேரை நீக்கிப் பத்து பேரைச் சேர்த்துவிடுகிறார்கள். 1988இல் நாங்கள் ஓர் ஆட்டத்தைப் பற்றி நாள்கணக்கில் பேசினோம் என்றால், பேச வேறு ஆட்டம் இல்லாததால்தான் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும், அந்தப் பேச்சில் அவுட்டான பையனுக்கு அடுத்த வாய்ப்பும் பேசப்பட்டது.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வயநாட்டு மானந்தவாடிக்காரர் சஜனா சஜீவன் 2024இல் பெண்கள் பிரீமியர் லீகில் தன் முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துதான் சந்தித்தார். ஐந்து ரன் வேண்டியிருந்த அந்தக் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து மும்பையை ஜெயிக்கவைத்தார். அந்த ஒரு பந்து அவருக்கு வராமல் போயிருந்தால் அவர் பெயரை நாம் எப்போது கேட்டிருப்போம்?

அதனால் குளத்தூர், பொழியூர், பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்தில் போட்டி நடத்தும் கிளப்புகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விதிகளில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வோர் அணியும் முதல் மூன்று இடங்களில் ஒன்றை, பதினேழு வயதுக்குக் கீழே உள்ள உள்ளூர்ப் பையனுக்கோ பெண்ணுக்கோ கொடுக்கவேண்டும், போட்டி முடியும்வரை அந்த இடத்தை மாற்றக்கூடாது. வருகிற சீசனிலேயே தொடங்குங்கள்.