பாவும் ஊடையும் கடற்பாறையும்

சங்கரன்கோவில் நெசவாளர் ஒருவரிடம் மயில் கழுத்துச் சேலையொன்றைக் கொடுத்து, இதன் வர்ணம் நீலமா பச்சையா என்று வினவினால், அவர் பதில் கூறாமல் சேலையை வெயிலில் சற்றே சாய்த்துக் காட்டுவார். பாவு நீலம், ஊடை பச்சை, கழுத்தின் மினுக்கமோ பார்ப்பவர் கண்ணில் பிறப்பது. கடற்காற்று எட்டாத இவ்வூரில் இருந்துகொண்டு, பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே 1886-இல் தீட்டிய கடற்பாறைச் சித்திரங்களை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல பாலபாடம் எனக்குத் தெரியவில்லை.

பிரான்ஸின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில், பெல்-ஈல் என்றொரு தீவு உண்டு. பதினைந்து நாள் தங்கும் உத்தேசத்தோடு அங்கே சென்ற மொனே, போர்-கோத்தோன் என்னுமிடத்தில் அலைகளுக்கு நடுவே கூர்கூராக எழுந்து நிற்கும் பாறைகளிடம் வசமாக அகப்பட்டுக்கொண்டு, செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரையில், காற்று பிடுங்கிச் செல்லாதபடி படச்சட்டத்தாங்கியைக் கயிற்றாலும் கல்லாலும் கட்டிப்போட்டு, மழையிலும் நின்று எழுதினார். வீட்டுக்கு வெளியே இப்படி எழுத முடிந்ததற்கு, 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் வெள்ளீயக் குழாயில் வர்ணத்தை அடைத்துத் தந்ததும் ஒரு காரணம். அதற்கு முன் அது பன்றியின் மூத்திரப் பையில் கட்டிவைக்கப்பட்டிருந்தது!

இம்ப்ரெஷனிஸம் எனப்படும் இம்முறையின் சூட்சுமம் ஓவியக்கூடத்திலன்றிச் சாயச்சாலையில் வெளிப்பட்டது என்பதே எனக்குப் பெரிய வியப்பு. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராயிருந்த ரசாயன சாஸ்திரி ஷெவ்ரோலிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறதென்று புகார் வந்தது. சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் ஓடும் நீலமும் ஊதாவுமே கறுப்பின் வலுவைக் குறைத்துக் காட்டுகின்றன என்று கண்ட அவர், அடுத்தடுத்து நிற்கும் வர்ணங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார்.

மொனேயின் பாறையில் கரியைத் தேடுகிறவர் ஆகையால் ஏமாந்துபோவார். கிட்டே சென்றால் ஊதா, கருநீலம், செம்பழுப்பு என்று தனித்தனித் தீற்றல்கள். அவற்றைச் சூழப் பச்சையும் நீலமும் வெண்மையுமாகக் கடல். பத்தடி பின்வாங்கினால் தீற்றல்கள் மறைந்து, ஈரப் பாறையொன்று கனத்தோடு எழுந்து நிற்கிறது. நம் பத்திரிகைகளோ ஒரு காலத்தில் இப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு விளக்கம் எழுதின. மயில் கழுத்துச் சேலையை அவ்வாறே புகைப்படம் பிடித்து அனுப்பிவிட்டு விலை கேட்பது போலத்தான் அது.