சாலையை விட்டு இறங்காமலே எடுக்கலாம்

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்கள் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். அண்ணாந்து பார்த்து மலைத்த மலை, படத்தில் அடிவானத்தில் ஒரு சின்ன மேடாகக் கிடக்கிறது. பாதிப் படம் வெளுத்த வானம். மீதியில் பாதி, நடந்த சாலை. பழி உடனே இடத்தின் மேல் விழுகிறது. பூங்காவில் ராஜமலைப் பகுதிக்கு மட்டுமே பயணிகளுக்கு அனுமதி. அங்கும் வனத்துறை காட்டும் சாலையில்தான் நடக்கலாம். புல்வெளிக்குள் நாலு எட்டு இறங்க விட்டிருந்தால் பிரமாதமான படம் கிடைத்திருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் படத்தைக் கெடுப்பது அந்தக் கட்டுப்பாடு அல்ல. எதை எடுக்கிறோம் என்று முடிவு செய்யாமலே பொத்தானை அமுக்குவதுதான். அந்த முடிவைச் சாலையில் நின்றபடியே எடுக்க முடியும்.

மலை ஏன் சுருங்குகிறது? நேரில் பார்க்கும்போது கண் எங்கும் ஓடினாலும் மனம் பிடித்த இடத்தில் போய் நின்றுகொள்கிறது. மற்றதெல்லாம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. கேமராவுக்கு அப்படி ஒரு மனம் இல்லை. செல்போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. வீட்டுக்குள் பத்துப் பேரை ஒரே படத்தில் அடக்க அது வசதி. அதே அகலம் மலைவெளியில் தூரத்துச் சிகரத்தைச் சிறிதாக்கி, காலடியில் இருக்கும் சாலையைப் பெரிதாக்கிவிடுகிறது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரத்தையே அது குன்றாக்கிவிடும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போனிலேயே இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். சாலை போய்விடும், வெற்று வானம் போய்விடும், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலை மடிப்புகள் நெருங்கி வரும். பனிமூட்டம் இருந்தால் அருகிலுள்ள மடிப்பு கருத்தும், அடுத்தது சாம்பல் நிறத்திலும், கடைசி மலை வானத்தோடு கரைந்தும் தெரியும். நின்ற இடம் அதேதான். தேவையில்லாததை விலக்கினோம், அவ்வளவுதான்.

இரவிகுளத்தின் நிலமே இந்த விலக்கலுக்கு வாகானது. மலைச்சரிவெங்கும் புல், ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. புல் வெளிர் நிறம், வழுவழுவென்று ஓடுவது. சோலையோ அடர் பச்சை, மேற்பரப்பு முண்டும் முடிச்சுமாக இருப்பது. துளிர்க்கும் காலத்தில் நடுநடுவே செம்பு நிறம் தெறிக்கும். இவை இரண்டும் சந்திக்கும் விளிம்பை ஒரு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சோலை ஒரு கருங்கோடாகச் சரிவில் வளைந்து இறங்குவது புலப்படும். படத்தின் முதுகெலும்பு அதுதான். பூங்கா திறப்பது விடிந்த பிறகு, மூடுவது இருட்டும் முன். ஆகவே படக்காரர்கள் உயிராக நினைக்கும் உதய, அந்தி வெளிச்சம் இங்கே கிடைக்காது. பதிலுக்கு மேகம் இருக்கிறது. மேக நிழல் சரிவில் ஊர்ந்து வந்து புல்வெளியை மூடும் ஒரு நொடியில் பின்னால் இருக்கும் சோலை மட்டும் வெயிலில் நிற்கும். அடுத்த நொடி அது தலைகீழாக மாறும். எட்டு வைத்து இறங்குவதைவிடக் காத்து நிற்பதற்கு இங்கே பலன் அதிகம். போன் திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்தால் மேகத்தின் வடிவமும் வெளுத்துப்போகாமல் நிற்கும்.

நிலக்காட்சிப் படக்கலையில் பெரும்பெயர் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ் இதற்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றலாம். 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்கக் கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து செங்குத்தாக ஏறியவர் அவர். ஆனால் ஏறிச் சேர்ந்த பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். கையில் மிச்சமிருந்தவை இரண்டே தகடுகள். முதலாவதை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். அதில் தன் மனத்தில் இருந்த பாறை வராது என்று உறைத்தது. கடைசித் தகட்டுக்குக் கருஞ்சிவப்பு வடிகட்டியை மாட்டினார். வானம் ஏறக்குறைய கருப்பாகி, பாறை முகம் எழுந்து நின்றது. அவர் பெயரை நிலைநாட்டிய படம் இரண்டாவதுதான். இரண்டுக்கும் இடம் ஒன்று, பாறை ஒன்று. மாறியது மனத்தில் இருந்த முடிவு. 1930களில் அவர் எடுத்த, பனிப்புயல் விலகும் யோசெமிட்டி பள்ளத்தாக்குப் படமோ, காரிலேயே போய்ச் சேர்ந்த காட்சிமுனையில் நின்று எடுத்தது. புயல் கலையும் வேளை அவருக்கு வாய்த்தது. அதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார்.

முன்புலத்தில் ஒரு பூவோ பாறையோ இல்லாமல் படத்துக்கு ஆழம் வராது, அதற்கு அருகே போயே ஆகவேண்டும் என்பது நியாயமான மறுப்பு. சாலை விளிம்பிலேயே புல் இருக்கிறது. முழங்காலிட்டுக் கேமராவை ஒரு முழம் இறக்கினால், நின்றபோது கண்ணில் படாத புல்கதிர் முன்னால் உயர்ந்து, மலைக்கு ஓர் அளவுகோலாகிவிடும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் மின்கம்பம் சட்டத்தை விட்டு வெளியேறும். நான் ஒருவன் இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு யோசெமிட்டியே விடை சொல்கிறது. பிப்ரவரி இரண்டாம் பாதியில் அங்கே ஹார்ஸ்டெய்ல் அருவி மாலை வெயிலில் தீப்பிழம்பாக ஒளிரும். 2019இல் அதைப் படமெடுக்கத் திரண்ட கூட்டம் ஆற்றங்கரைக்கு இறங்கிச் செடிகொடிகளை மிதித்து, கரையையும் சேதப்படுத்தியது. அதன்பின் அந்தப் பருவத்தில் ஆற்றங்கரையின் சில பகுதிகளை நிர்வாகம் மூட வேண்டியதாயிற்று. அங்கே இறங்கிய ஒவ்வொருவரும் தன்னை ஒருவன் என்றுதான் நினைத்திருப்பார். இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் ஆடுகள் மிரளாமல் சாலையோரம் வந்து மேய்வது, மனிதர்கள் ஓர் எல்லைக்குள் நிற்பதால் வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் நமக்குப் படத்தையே தருகிறது.

எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால் எல்லோருக்கும் ஒரே படம்தானே என்பதை நான் ஏற்கவில்லை. 1942இல் ஆடம்ஸ் அமெரிக்க உள்துறைக்காக டீட்டன் மலைகளையும் ஸ்னேக் ஆற்றின் வளைவையும் எடுத்த இடம் இன்று நெடுஞ்சாலையோரக் காட்சிமுனை. கார் நிறுத்திப் போய் நிற்கலாம், ஆனால் அந்தப் படம் வராது. மரங்கள் வளர்ந்து ஆற்று வளைவை மறைத்துவிட்டன. அதே இடத்தில் இன்று நிற்பவருக்கு வேறொரு படம் காத்திருக்கிறது. இரவிகுளத்திலும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்த முறை 2030. அன்று கூட்டம் இன்றைவிடக் கூடும், கட்டுப்பாடும் கூடும். ஊதா நிறத்தை மட்டும் நம்பிப் போகிறவருக்கு ஆயிரம் பேர் எடுத்த படமே கிடைக்கும். இப்போதே ஒரு சாதாரண நாளில் போய், எந்த மடிப்பில் காலை வெயில் விழுகிறது, எந்த வளைவில் சோலையும் சரிவும் நன்றாகச் சேர்கின்றன, எத்தனை மணிக்கு மூட்டம் ஏறுகிறது என்று பார்த்து வைத்திருப்பவர், அன்று நெரிசலின் நடுவே ஒரே இடத்தில் நின்றாலும் தன் படத்தோடு திரும்புவார்.