பெயரும் நடத்தையும்: ரக்கூனின் வாழ்வியலை முன்வைத்துக் கலைச்சொல்லாக்கம் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ரக்கூன், பல மொழிகளில் 'கழுவும் கரடி' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. அப்பெயர் அதன் இயற்கை நடத்தையோடு பொருந்துகிறதா என்பதையும், தமிழில் அவ்விலங்கைச் சுட்டும் சொல் எவ்வாறு அமைதல் நன்று என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ரக்கூன், விலங்கு நடத்தை, தொடு உணர்வு, கலைச்சொல், ஒலிபெயர்ப்பு

முன்னுரை

தமிழ்நிலத்தில் வாழாத உயிரினங்களைப் பற்றி எழுதுவோர், பெயரை ஒலிபெயர்ப்பதா, பொருள்பெயர்ப்பதா என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். பொருள்பெயர்ப்பு எளிதில் விளங்கும். எனினும் மூலப்பெயரில் பிழை இருப்பின் அதுவும் உடன் வந்துவிடும். ரக்கூன் இதற்குத் தக்க சான்றாகும்.

பெயரிடலின் இரு நெறிகள்

செருமானிய மொழியின் 'வாஷ்பேர்', சப்பானிய மொழியின் 'அராய்குமா' ஆகிய இரண்டும் 'கழுவும் கரடி' என்றே பொருள்படும். 1758-இல் லின்னேயஸ் இதனைக் கரடிப் பேரினத்தில் சேர்த்து, 'கழுவுவது' எனப் பொருள்படும் 'லோட்டர்' என்னும் இலத்தீன் சொல்லை இனப்பெயராக்கினார். அவர் உப்சாலாவில் ஒரு ரக்கூனை வளர்த்தவர் என்பது இங்குக் கருதத்தக்கது. 1780-இல் ஸ்டோர் என்பவர் இதனைப் 'புரோசியான்' என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஆயினும் 'லோட்டர்' நீடித்தது.

தாயக மக்களின் பெயர்கள் வேறு நெறியில் அமைந்தவை. 'ரக்கூன்' என்பது, கைகளால் தேய்த்துச் சுரண்டுவது எனப் பொருள்படும் பவ்ஹாட்டன் மொழிச் சொல்லின் திரிபாகும். நாவாட்டில் மொழியின் 'மப்பாச்ட்லி' என்பதும் எதையும் கையால் பற்றுவது என்னும் பொருளுடையது. முன்னவை கழுவுதலைச் சுட்ட, பின்னவை கையைச் சுட்டுகின்றன.

கையின் சிறப்பு

ரக்கூனின் மூளைப் புறணியில் புலனுணர்வுக்குரிய பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொடு உணர்வுக்கே உரியது. முன்னங்கால் விரல்களில் நகங்களுக்கு மேல் உணர்மயிர்கள் உள்ளன. உள்ளங்கையை மூடியுள்ள மெல்லிய தோலடுக்கு நீரில் நனையும்போது மென்மையுறுகிறது. இரவில் இரைதேடும் இவ்விலங்கு, ஆழமற்ற நீரில் கற்களின் அடியே கைகளால் துழாவி நன்னீர்ச் சிங்கி இறால், தவளை முதலியவற்றைக் கண்டறிகிறது. அவ்வேளையில் கண்கள் வேறெங்கோ நோக்கியிருத்தலும் உண்டு.

உணவை நீரில் நனைக்கும் செயல், பெரும்பாலும் கூண்டில் வளர்க்கப்படும் ரக்கூன்களிடமே காணப்படுகிறது. ஓடைக்கரையில் இரையைத் துழாவும் இயல்பான அசைவுகளுக்கு வாய்ப்பில்லாதபோது, கொடுக்கப்பட்ட உணவைக் கொண்டே அவற்றை நிகழ்த்துகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் நனைக்கிறது என்னும் பழைய கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஆகவே கழுவுதல் என்பது தூய்மை கருதிய செயலன்று; காண்போர் கற்பித்த பொருளே ஆகும்.

வாழிடமும் இனப்பெருக்கமும்

நீர்நிலையை அடுத்த காடுகளில் மரப்பொந்துகளே இதன் முதன்மை உறைவிடம். பின்னங்கால்களைத் திருப்பித் தலைகீழாக மரத்திலிருந்து இறங்க வல்லது. பழம், கொட்டை, பூச்சி, முட்டை என அனைத்தையும் உண்ணும். குளிர்மிகு வடபகுதிகளில் இலையுதிர்காலத்தில் கொழுப்பைச் சேமித்து, குளிர்காலத்தில் நெடுநேரம் உறங்கும். எனினும் அது முழுமையான குளிர்கால உறக்கமன்று. ஏறத்தாழ 65 நாள் சூலுக்குப்பின் பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகள் பிறக்கின்றன. அவற்றைத் தாயே வளர்க்கிறது.

எதையும் உண்ணும் இயல்பு இதன் பரவலுக்குத் துணைநின்றது. 1934-இல் செருமனியின் ஹெசன் பகுதியிலுள்ள எடர் ஏரியருகே இரண்டு இணைகள் விடுவிக்கப்பட்டன. இன்று ஐரோப்பிய ஒன்றியம் ரக்கூனை அயல் ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

முடிவுரை

புனுகுப்பூனை பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் அது மக்கள் வழக்கில் வேரூன்றிய பெயர். புதிதாக ஆக்கும் கலைச்சொல்லுக்கு அத்தகைய வழக்குரிமை இல்லை. 'கழுவும் கரடி' என மொழிபெயர்ப்பின், கரடியல்லாத விலங்கைக் கரடியாகவும், துழாவுதலைக் கழுவுதலாகவும் மாணவர் கொள்ள நேரும். 'ரக்கூன்' என்னும் ஒலிபெயர்ப்போ, கூண்டுக்கு வெளியே அவ்விலங்கைக் கண்டறிந்த மக்களின் நோக்கைத் தன்னுள் கொண்டுள்ளது. எனவே, ஒலிபெயர்ப்பை ஏற்று உரிய விளக்கத்தை உடன் தருவதே பொருத்தமாகும். ஒரு பெயரை மொழிபெயர்க்கும் முன், அது எச்சூழலில் கண்ட நடத்தையிலிருந்து பிறந்தது என ஆராய்தல் கலைச்சொல்லாக்கத்தின் முதற்பணியாதல் வேண்டும்.